அப்பாவைப் பற்றி எட்டுப் பக்கம்: எதை எழுதுவது, எதை விடுவது?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா சென்ற ஆண்டு கார்த்திகையில் காலமானார். வயது 75. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். 17 வயதில், 1966-ல் கடற்படையில் சேர்ந்து 15 வருடம் எஞ்சின் பிரிவில் இருந்தார். 1975-ல் கல்யாணம். 1981-ல் வெளியே வந்ததும் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை போட்டார். எங்களைப் படிக்க வைத்தது அந்தப் பட்டறைதான்.

அவர் காலமாவதற்கு ஒன்பது வருடம் முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ஆமா", "வேண்டாம்", "சாப்டியா" என்று நாலைந்து சொல்தான் வரும். மறுநாளே அப்பா பட்டறைச் சாவியைப் பழகின பையனிடம் கொடுத்துவிட்டார். முதல் ஏழு மாதம் அம்மா படுத்த படுக்கை. இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைப்பார். ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. பிறகு கட்டிலிலிருந்து பின்கட்டு வரை ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி அடித்து அம்மாவை நடக்க வைத்தார். சில நாள் அலுத்துப்போய்ச் சத்தம் போட்டுவிட்டுப் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மாவின் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்.

முதலாம் ஆண்டு நினைவு நாள் இன்னும் இரண்டு மாதத்தில் வருகிறது. எட்டுப் பக்க நினைவு மலர் போடலாம் என்று அண்ணன் எழுதியும் காட்டினார். "தாய்நாட்டுக்காகக் கராச்சியைத் தாக்கிய மாவீரர், கப்பலில் கரி அள்ளிப் போட்ட கடின உழைப்பாளி, அன்பான கணவர்" என்று போகிறது. எனக்கு அதில் அப்பாவே தெரியவில்லை. அவர் கப்பலைப் பற்றிப் பேசியதே குறைவு. "விக்ராந்த்" என்ற பெயர் காதில் விழுந்திருக்கிறது. டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி மட்டும் சாப்பிடாமல் படுத்துவிடுவார், ஏனென்று சொன்னதில்லை. டிரங்குப் பெட்டியில் மூன்று பதக்கம், பின்பக்கம் "ஐ.என்.எஸ். சிவாஜி, லோனாவாலா, 1967" என்று எழுதிய குரூப் போட்டோ, பட்டறை நோட்டுகள், அம்மாவுக்காக எழுதி வைத்த நோட்டுகள் இருக்கின்றன. அம்மாவைப் பார்த்துக்கொண்டதை எழுதணும் என்கிறேன் நான். "அம்மா படுக்கையில் கிடந்ததை ஊருக்குச் சொல்லணுமா?" என்கிறார் அண்ணன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா போன வருடத்துக்குள்ளேயே அவரைப் பற்றி எழுத உட்காருவது லேசான காரியமில்லை. ஆனால் அவருடைய நோட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்கள்; பாதி வேலை அதிலேயே முடிந்தது. குடும்பங்களுக்கு நினைவு மலரும் வாழ்க்கைக் குறிப்பும் தொகுத்துக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். அதை வைத்து நேராகவே சொல்கிறேன். அப்பாவின் கடைசி ஒன்பது வருடத்தை எழுதத்தான் வேண்டும். "அன்பான கணவர்" என்று இரண்டு சொல்லில் தாண்டிப் போகக் கூடாது. கப்பலில் அவர் பார்த்த வேலையை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவீர்களோ, அதே நுணுக்கம் இதற்கும் வேண்டும். அவர் தன் வாழ்நாளில் மூன்று வேலை பார்த்தார். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது, பதக்கம் கிடையாது, எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. நீங்கள் எழுதினால் உண்டு.

அண்ணன் மேல் வருத்தம் வேண்டாம். அப்பாவுக்கு எதையும் குறைவாகக் கொடுத்துவிடக் கூடாதே என்ற தவிப்பில்தான் அவர் பெரிய பெரிய சொல்லாகத் தேடுகிறார். பெயரையும் படத்தையும் மாற்றினால் அந்த வாசகம் அடுத்த தெருக்காரர் மலருக்கும் பொருந்திவிடும் என்பதுதான் சங்கடம். உங்களுக்கு அதில் அப்பா தெரியாமல் போனதும் அதனால்தான். சொல்லை மாற்றுவதற்கு முன் தகவலைச் சரிபார்ப்போம். அண்ணன் எழுதியதில் இரண்டு இடம் இடிக்கிறது.

முதலாவது கராச்சி. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் டிசம்பர் 4-ஆம் தேதி இரவு கராச்சியைத் தாக்கியவை நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். கில்தான், கட்சால் என்ற இரண்டு கப்பல்கள் துணைக்குப் போயின. அந்தத் தேதியைத்தான் இன்றும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அந்தப் பக்கமே இல்லை. அது வங்காள விரிகுடாவில் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. போர் நடந்தபோது அப்பா விக்ராந்தில் இருந்தார் என்றால் அவர் கராச்சியைப் பார்த்திருக்க முடியாது. கராச்சிக்குப் போன கப்பலில் இருந்தார் என்றால் விக்ராந்தில் வேலை பார்த்தது வேறு ஒரு காலம். 15 வருடத்தில் மாலுமிகள் பல கப்பல் மாறுவார்கள், ஆகவே எதுவும் நடந்திருக்கலாம். ஊகத்தை அச்சில் ஏற்றிவிட்டால் பேரப்பிள்ளைகள் அதையே வரலாறாக எடுத்துக்கொள்வார்கள்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதுவும் உங்கள் வீட்டிலேயே. 1971 போரில் கிழக்குக் களத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்தில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று தனித்தனிப் பதக்கம் கொடுத்தார்கள். சங்கிராம் பதக்கம் என்று இன்னொன்றும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுப் பதக்கமும் தரப்பட்டது. அந்த மூன்று பதக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பொறித்த எழுத்து தேயும், பழைய நிறமும் போய்விடும்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் எங்கே என்று தேடுங்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் மாலுமிகளின் ஆவணங்களை வைத்திருக்கும் பியூரோ ஆஃப் செய்லர்ஸ் மும்பை மான்கூர்டு சீட்டா கேம்ப்பில் இருக்கிறது. அம்மா பெயரில் அங்கே எழுதிக் கேளுங்கள். மனு எப்படி எழுதுவது என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். இரண்டு மாதத்துக்குள் பதில் வராமலும் போகலாம். அப்படியானால் கப்பல் பெயர்களை இந்த மலரில் விட்டுவிடுங்கள்; "எஞ்சின் பிரிவில் 15 வருடம்" என்பது பொய்யில்லாத வரி, அது போதும்.

இன்னொரு சாட்சி அம்மாவிடம் இருக்கும். 1975-லிருந்து 1981 வரை அப்பா கடலில், அம்மா ஊரில். அந்த ஆறு வருடமும் இருவரையும் இணைத்தது இன்லண்ட் லெட்டர்தான். கப்பலில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது கப்பல் பெயரைப் போட்டு, ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய் அல்லது விசாகப்பட்டினம் என்று முகவரி எழுதுவார்கள். அப்பா எழுதிய கடிதங்களில் அனுப்புநர் முகவரியிலும் கப்பல் பெயர் இருக்கலாம். தபால் முத்திரையில் தேதி இருக்கும். எந்த வருடம் எந்தக் கப்பல் என்ற வரிசை அதிலேயே கிடைத்துவிடும். முகவரிப் பக்கத்தைப் படித்தால் போதும். உள்ளே எழுதியிருப்பது அம்மாவுக்கு எழுதியது. அவர் அனுமதி இல்லாமல் பிரிக்கவும் வேண்டாம், மலரில் போடவும் வேண்டாம்.

அடுத்தது கரி. எஞ்சின் பிரிவில் இருந்தவர்களை ஸ்டோக்கர் என்று கூப்பிடுவது பழைய வழக்கம். அதைக் கேட்டு அண்ணன் கரி அள்ளியதாக எழுதியிருப்பார். விக்ராந்தில் எரிந்தது எண்ணெய். நான்கு கொதிகலன்கள் தண்ணீரை நீராவியாக்கும், அந்த நீராவி டர்பைனைச் சுழற்றும், அது இரண்டு புரொபெல்லர்களைச் சுழற்றும். அங்கே நிற்பவனுக்கு உடல் பலத்தை விடக் கண்ணும் காதும்தான் முக்கியம். கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய் வெந்துபோகும். காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பி, கப்பல் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால் வாட்ச் என்கிற நாலு மணி நேரப் பணிமுறை முழுக்க மீட்டர் மீட்டராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் வெப்பம், நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம் என்று மணிக்கொரு தடவை பதிவேட்டில் எழுத வேண்டும். ராத்திரி 12-லிருந்து 4 வரை வாட்ச் வந்தால் அந்த அனலில் தூங்காமல் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அம்மாவுக்காக அவர் வைத்திருந்த நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்தப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பழக்கம் அங்கேதான் வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவரோடு வேலை பார்த்த யாரிடமாவது கேளுங்கள். "ஆமாங்க, எஞ்சின் ரூம் ஆளுக்குக் கை சும்மா இருக்காது, எழுதிக்கிட்டேதான் இருக்கும்" என்பது போல ஒரு பதில் வந்தால், மலரின் மூன்று பகுதிகளையும் கோக்கிற நூல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போரின்போது அவர் விக்ராந்தில் இருந்தார் என்று ஆவணம் சொன்னால், எழுத இன்னொரு அருமையான செய்தி இருக்கிறது. 1971-ல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பலை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. அந்த நிலையில்தான் அதைப் போருக்குக் கொண்டுபோனார்கள். விமானத்தை மேல்தளத்திலிருந்து உந்தி எறிந்த கேட்டபுல்ட் ஓடியதும் நீராவியில்தான். அப்படியென்றால் மேலே எழும்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால் கீழே கொதிகலன் அறையில் நின்ற பையன்களின் வேலை இருந்தது. அவர்கள் எதிரியைப் பார்க்கவில்லை, வானத்தையே பார்க்கவில்லை. 22 வயதில் இரும்புச் சுவருக்குள் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் பார்த்த போர். அப்பா கப்பலைப் பற்றிப் பேசியதே குறைவு என்கிறீர்கள். "சண்டையில என்னப்பா பார்த்தே?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல, அப்படி நின்றவரிடம் காட்சி எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். "மாவீரர்" என்று போடாமல் இந்தக் கொதிகலனை எழுதினால் அவருடைய துணிச்சல் படிப்பவருக்குத் தானாகப் புரியும்.

டிசம்பரில் சாப்பிடாமல் படுத்த அந்த ராத்திரியைப் பற்றி மிகக் கவனமாக எழுத வேண்டும். அது எந்தத் தேதி என்று உங்களுக்கோ அண்ணனுக்கோ ஞாபகம் வருகிறதா? 1971 டிசம்பர் 9 இரவு டையூ அருகே குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார். லோனாவாலாவில் உள்ள சிவாஜிதான் எஞ்சின் பிரிவுக்கான பயிற்சித் தளம். 1967-ல் அங்கே அப்பாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் எவராவது குக்ரியில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேதி பொருந்தி, பழைய கூட்டாளி ஒருவர் உறுதிப்படுத்தினால் மட்டும் குக்ரியை எழுதுங்கள். இல்லையென்றால் "ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு ராத்திரி அப்பா சாப்பிட மாட்டார். காரணம் சொன்னதில்லை" என்ற இரண்டு வாக்கியத்தோடு நிறுத்துங்கள். அவர் சொல்லாமல் வைத்திருந்ததற்கு நாம் விளக்கம் கட்டிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் ஆள் தேட வேண்டும், அதுவும் இந்த மாதமே. அப்பாவோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது 75-ஐத் தாண்டியிருக்கும். குரூப் போட்டோவை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, முன்னாள் கடற்படையினர் சங்கங்களுக்கும் அப்பாவின் பழைய போன் டைரியில் உள்ள எண்களுக்கும் அனுப்புங்கள். கிடைத்தவரிடம் "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார். எந்த வாட்ச் பார்த்தீர்கள், மாலுமிகள் தங்கும் மெஸ்ஸில் யார் பக்கத்தில் படுத்தீர்கள், துறைமுகத்தில் இறங்கினால் எங்கே போவீர்கள், அப்பாவுக்கு எதில் கோபம் வரும் என்று கேளுங்கள். அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி பட்டறை. இந்தப் பகுதியை எழுதுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும், ஏனென்றால் வாடிக்கைக்காரர்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது கம்பி உட்காரும் ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ் (கனம்), பிட்ச் (சுருளின் இரண்டு பக்கத்துக்கும் இடைவெளி) என்ன என்று எண்ணி எழுதிக்கொண்ட பிறகுதான் புதுக் காயில் கட்டுவார்கள். கணக்கு தப்பினால் மோட்டார் சூடேறி மறுபடியும் எரியும். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே படமாக மலரில் போடுங்கள். கோவைப் பக்கத்து விவசாயிக்கு அந்தப் பக்கத்தின் அருமை சொல்லாமலே தெரியும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய், மூன்று ஃபேஸில் ஒன்று விட்டுப்போய், மோட்டார் உறுமி எரிந்து நிற்கும்போது, வயலில் பயிர் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மனிதர் ராத்திரியோடு ராத்திரியாகக் கதவைத் தட்டியிருப்பார். அப்படித் தட்டியவர்கள் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். சாவியை வாங்கிக்கொண்ட பையனிடமும் பேசுங்கள். அப்பா அவருக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுத்தார், எதற்குத் திட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். நோட்டில் வராத பாக்கி இருந்தால், யார் தர வேண்டும் என்ற பெயரை மறைத்துவிடுங்கள். அவர் கேட்காமல் விட்டதை மலர் போய்க் கேட்கக் கூடாது.

இப்போது அம்மா. அண்ணனின் தயக்கத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அம்மா இன்னும் நம்மோடு இருக்கிறார், மலரை உறவுக்காரர்கள் கையில் எடுத்துப் புரட்டுவார்கள். அவருடைய உடலைப் பற்றி எழுத அவர்தான் அனுமதி தர வேண்டும். இது உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தீர்க்கிற வழக்கு இல்லை. அம்மாவிடம் கேளுங்கள்.

பேச்சு போனவரிடம் எப்படிக் கேட்பது என்று தோன்றும். மூளையின் இடது பக்கம் அடிபடும்போதுதான் பெரும்பாலும் வலது கை காலும் பேச்சும் சேர்ந்து போகும். அப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சொல் வராவிட்டாலும் நாம் சொல்வது நிறையவே புரியும். உங்கள் அம்மாவுக்கு எந்த அளவு புரிகிறது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, டிவியை நிறுத்திவிட்டு, அவர் அலுக்காத நேரமாகப் பார்த்து, நீங்களும் அண்ணனும் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டையும் கைப்பிடியின் படத்தையும் காட்டுங்கள். "இதைப் புத்தகத்துல போடலாமாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதிலுக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். அவருக்காக நீங்கள் வாக்கியத்தை முடிக்க வேண்டாம். இப்படிப்பட்டவர்களுக்கு "இல்லை" என்று நினைக்கும்போது வாயில் "ஆமா" வந்துவிடுவதும் உண்டு. அதனால் சற்று நேரம் கழித்து "இதை விட்டுடலாமாம்மா?" என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் கணக்கு. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதி இல்லை, அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் சரி என்றால் அண்ணனுக்கும் மனம் ஆறும்.

சரி என்று சொன்னாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. குளிப்பாட்டியது, கழிவறை போன்றவை வேண்டாம். அப்பா யோசித்துச் செய்த வேலைகளை எழுதுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பியது வெறும் பாசம் அல்ல, படுக்கைப்புண் வராமலிருக்க மருத்துவமனைகளில் பின்பற்றும் முறை. பயிற்சி பெற்ற நர்சுகள் முறை மாற்றிச் செய்யும் அந்த வேலையை 66 வயது மனிதர் ஒருவரே ஏழு மாதம் செய்திருக்கிறார். கைப்பிடியைப் போய் நன்றாகப் பாருங்கள். அம்மாவுக்குப் பிடிக்க இடது கைதான் உண்டு. பின்கட்டுக்குப் போகும்போது இடது பக்கம் இருக்கும் சுவர், திரும்பி வரும்போது வலது பக்கமாகிவிடும். அப்படியென்றால் கைப்பிடி இரண்டு சுவரிலும் இருக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, அம்மாவின் கை வாட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் எவ்வளவு யோசித்தார் என்பது அந்த அளவில் இருக்கும். பைப் எங்கே வாங்கினார், யார் வெல்டிங் அடித்தது, வளைவில் எப்படித் திருப்பினார் என்று பட்டறைப் பையனிடம் விசாரித்து அதையும் சேருங்கள்.

அவர் சத்தம் போட்டதையும் விடாதீர்கள். "பொறுமையின் சிகரம்" என்று எழுதினால் அதைப் படிக்கும் முதல் ஆளான அம்மாவுக்கே அது வேறு யாரோ என்றுதான் படும். படுத்தவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்கள் தளர்ந்துபோவார்கள், எரிந்து விழுவார்கள், கொஞ்ச நேரம் எங்காவது போய் உட்கார வேண்டும் என்று தோன்றும். அப்பா போய் உட்கார்ந்தார், திரும்பி வந்தார். இன்றைக்கு அதே நிலையில் மனைவியையோ கணவரையோ பார்த்துக்கொண்டிருக்கும் உறவுக்காரர் யாராவது உங்கள் மலரைப் படித்தால், அந்த வரி அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அம்மா செய்ததையும் எழுதுங்கள். கல்யாணமான முதல் ஆறு வருடம் கணவர் கடலில் இருக்க, அவர் மாமியார் வீட்டில் இருந்தாரா, தாய் வீட்டில் இருந்தாரா, பிள்ளை பிறந்த செய்தி அப்பாவுக்கு எத்தனை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது? காத்திருந்தவர் முதலில் அம்மாதான்.

எழுதிப் பழக்கமில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்த தகவலை மட்டும் வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், ஒரு சொல்லும் நான் புனையவில்லை:

"அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அப்பாவுக்கு வயது 66. மறுநாள் பட்டறைச் சாவியைப் பழகின பையனிடம் கொடுத்தார். முதல் ஏழு மாதம் இரண்டு மணிக்கொரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தார். ஒரு படுக்கைப்புண் வரவில்லை. பிறகு கட்டிலிலிருந்து பின்கட்டு வரை பைப்பில் கைப்பிடி அடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்தார். சில நாள் அலுத்துப்போய்ச் சத்தம் போட்டுவிட்டுப் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மாவின் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்."

இது நீங்கள் எனக்கு எழுதியதுதான், வயதை மட்டும் கணக்குப் போட்டுச் சேர்த்தேன். மற்ற பக்கங்களையும் இப்படியே, எனக்குக் கடிதம் எழுதுவது போல எழுதுங்கள். எட்டுப் பக்கத்தில் அட்டை போக மீதியைக் கப்பலுக்கும் பட்டறைக்கும் அம்மாவுக்கும் சரிசமமாகப் பங்கு போட வேண்டாம். தகவல் எங்கே அதிகமோ அங்கே பக்கம் அதிகம். முகப்புக்குச் சீருடைப் படம் போட அண்ணன் ஆசைப்பட்டால் விட்டுக்கொடுங்கள். பட்டறையில் எடுத்த படமும் அம்மாவோடு எடுத்த படமும் உள்ளே நல்ல அளவில் வரட்டும். கடற்படை எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கி விவரம் எதுவும் தெரியும்படி ஆவணங்களை அச்சிட வேண்டாம். ஏமாற்றுக்காரர்கள் கையில் அவை போய்ச் சேரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 15 வருடப் பணிக்கு அப்பா ஓய்வூதியம் வாங்கியிருப்பார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாறிவிட்டதா? அப்பாவின் ஆவணத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? இல்லையென்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உடனே மனு கொடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஆயுள் சான்று தர வேண்டும். அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம், அஞ்சல்துறையில் சொன்னால் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து டிஜிட்டல் சான்று எடுத்துக்கொடுப்பார். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.-ல் அம்மாவின் அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் அம்மாவைப் பற்றிய பக்கத்தை அண்ணன் வாயால் அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தேதிகளையும் கப்பல் பெயர்களையும் மட்டும் சரிபார்த்துத் தருகிறேன். உங்கள் வாக்கியங்களில் கை வைக்க மாட்டேன்.